இருபத்தாறாவது கிலோமீட்டர்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் தனியே எழுதி வாங்கப்பட்டன. வயது முப்பத்தொன்பது. தொழில், சொந்தமாகச் சிறு ஃபைபர் படகு வைத்து மீன்பிடித்தல். துறைமுகத்துக்குப் பின்னால், ஐஸ் ஆலையை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்குக் கீழுள்ள வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாகக் கடலுக்குப் போய்வருகிறேன். இதற்கு முன் என்மேல் வழக்கு எதுவும் இல்லை. நான்கு மாதமாகப் படகுத்துறையில் என்னைப் "பட்டன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் வந்த விதமும் இந்த வழக்கைச் சேர்ந்தது என்பதால் அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். காவல் நிலைய எழுத்தர் எழுதிக்கொண்டார்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, துறைமுகப் பாதுகாப்பு அதிகாரியை அவர் விருப்பத்துக்கு மாறாக என் படகில் கடலுக்குள் இருபத்தாறு கிலோமீட்டர் கொண்டுபோனது உண்மை. யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. நான் குடித்திருக்கவும் இல்லை. முன்கூட்டியே யோசித்துத்தான் செய்தேன். காரணத்தை நடந்த வரிசைப்படி சொல்கிறேன்.

சென்ற ஆண்டு துறைமுக அலுவலகத்தில் எங்கள் துறையின் அறுபத்து மூன்று சிறு படகுகளுக்கும் தலா ஒரு வி.எச்.எஃப் ரேடியோ கைச்செட் கொடுத்தார்கள். நாங்கள் அதை வாக்கி என்போம். செட்டின் முதுகில் "கேட்கும் தூரம் 50 கி.மீ." என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கொடுத்த அன்று அலுவலக மாடியில் மின்விசிறி ஓடாத அறையில் எங்களை உட்காரவைத்துப் பாதுகாப்பு அதிகாரி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். ஆபத்து என்றால் பதினாறாம் சேனலில் கூப்பிட வேண்டும், கூப்பிட்ட பிறகு நங்கூரம் போட்டு அதே இடத்தில் நிற்க வேண்டும், இடம் மாறினால் தேடி வருகிறவர்களுக்குக் கஷ்டம் என்று சொன்னார். செட் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என என் மச்சான் எழுந்து கேட்டார். மச்சான் என்பது என் அக்காவின் கணவர். பதினொரு ஆண்டுகளாக நானும் அவரும் ஒரே படகில் தொழில் செய்தோம். அதிகாரி அவருக்குச் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "ரேடியோ அறையில பேசுறது உனக்குக் கேக்குதுன்னா, நீ பேசுறது அவங்களுக்குக் கேக்கும். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்." அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அதன் பிறகு நான்கு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை விடிந்ததும் நானும் மச்சானும் கடலுக்குப் போனோம். ஜி.பி.எஸ் கணக்குப்படி கரையிலிருந்து இருபத்தாறு கிலோமீட்டரில் வலை விட்டிருந்தோம். காலை ஒன்பது இருபதுக்கு, வலைக்கயிறு இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டு இன்ஜின் இழுத்து நின்றது. உள்ளே பல்சக்கரம் உடைந்த சத்தம் கேட்டது. மச்சான் பின்பக்கம் குனிந்து கத்தியால் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டது. கத்தி அவருடைய வலது முழங்காலுக்குப் பின்பக்கம் ஆழமாக இறங்கியது. என் சட்டையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். ரத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அதன் பிறகு ஒன்பது முப்பதுக்கு வாக்கியை எடுத்துப் பதினாறாம் சேனலில் படகு எண், இருக்கும் இடம், ஆளுக்குக் காயம் என்று மூன்று முறை சொன்னேன். வகுப்பில் சொன்னபடி நங்கூரம் போட்டேன். இதைக் கோடிட்டுக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்று காற்று கரையை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. நங்கூரம் போடாமல் தார்ப்பாயை விரித்துக் கட்டியிருந்தால் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் தானாகவே கரைப்பக்கம் நகர்ந்திருப்போம். ஒழுங்காக வகுப்பைக் கவனித்தவன் என்பதால் நகரவில்லை.

ரேடியோ அறையில் பேசியது எங்களுக்குக் கேட்டது. கொஞ்சம் கரகரப்புடன் கேட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. பத்து மணிக்கு அலையின் உயரம் சொன்னார்கள். பத்தே காலுக்கு, டீசல் பம்புக்கு முன்னால் நிற்கும் நீலப் படகை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை போலிருக்கிறது, மறுபடி சொன்னார்கள். யாரோ அறைக்குள் சிரித்ததுகூடக் கேட்டது. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டேன். ஒரு கட்டத்தில் எனக்கு வெறுத்துப்போய்ச் செட்டைப் பலகையில் போட்டேன். மச்சான் படுத்தபடியே அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நமக்குக் கேக்குதுல்ல மாப்ள, அப்ப அவங்களுக்கும் கேக்கும். ஏதோ வேலையா இருப்பாங்க. விடாம கூப்பிடு" என்றார்.

அதன் பிறகு பதினொன்றரை மணியளவில் அவருக்குத் தாகம் அதிகமானது. இருந்த தண்ணீரைக் கொடுத்தேன். வீட்டுக் கொல்லைக் கதவின் கீல் விட்டுப்போயிருக்கிறது, உன் அக்கா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை இருவருமாக மாட்டிவிடலாம் என்று சொன்னார். சரி என்றேன். பன்னிரண்டு மணிக்குப் பிறகு பேச்சு குழறியது. ஒன்று ஐம்பதுக்கு இறந்துபோனார். அந்த நேரத்தில் ரேடியோ அறையில், துறைமுக வாயில் இரண்டு படகுகள் ஒன்றையொன்று உரசியது பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகும் நான் பத்து நிமிடம் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று ஆய்வாளர் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன்.

மாலை நான்கு பத்துக்கு ஆழ்கடலிலிருந்து திரும்பிய ஒரு பெரிய விசைப்படகு, நான் கம்பில் கட்டியிருந்த துணியைப் பார்த்து வந்து எங்களை இழுத்துப்போனது.

அடக்கம் முடிந்த ஆறாம் நாள் பாதுகாப்பு அதிகாரி என்னையும் அக்காவையும் அலுவலகத்துக்கு வரச்சொன்னார். என் செட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்று படகுத்துறையில் இருந்த ஊழியரைக் கூப்பிட்டார். இருநூறு மீட்டர் தூரம் இருக்கும். ஊழியர் பதில் சொன்னார். அதன் பிறகு தன் அறிக்கையை அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். கருவி நல்ல நிலையில் உள்ளது, அன்று அழைப்பு எதுவும் பதிவாகவில்லை, கரையின் பேச்சு தெளிவாகக் கேட்டதாகப் பிழைத்தவரே சொல்கிறார், ஆகவே அவர் பதற்றத்தில் பேசும் பட்டனைச் சரியாக அழுத்திப் பிடிக்காமல் பேசியிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நான்கரை மணி நேரம் அழுத்தியதில் என் கட்டைவிரலில் தோல் உரிந்திருந்தது. அதைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்று அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஒரு பட்டன அமுக்கத் தெரியலையாடா உனக்கு?"

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. நான் வீட்டுக்குப் போனால் உள்ளே எழுந்து போய்விடுவார். கொல்லைக் கதவை நான் போய் மாட்டிக்கொடுத்தேன். மாட்டி முடிக்கும்வரை அவர் தெருப்பக்கமே நின்றார். அறிக்கையின் அந்த வரி எப்படியோ துறை முழுவதும் பரவியது. பட்டன் என்ற பெயர் அப்படி வந்தது. வைத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் அதே வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

அதன் பிறகு அந்தச் செட்டை மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ரேடியோ மெக்கானிக் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திறந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, செட்டில் குறை ஒன்றும் இல்லை என்றார். அப்படியென்றால் குறை என்னிடம்தான் என்று நினைத்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, பேசும்போது செட் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கேட்டார். நின்றுகொண்டு பேசினேன், ஆறு ஏழு அடி இருக்கும் என்றேன். கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார். சொன்னேன். அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த அலை கிட்டத்தட்ட கண்ணு பார்க்கிற மாதிரிதான் போகும்பா. கடல் முதுகு வளைஞ்சு கிடக்கு. கரையிலேருந்து உன் படகு ஏன் மறையுது? அதே கதைதான் இதுக்கும். உன் உயரத்துக்கும் அவங்க கம்பத்து உயரத்துக்கும் இருபது கிலோமீட்டர், மிஞ்சிப்போனா இருபத்திரண்டு. அதுக்கு மேல நீ தொண்டை கிழியக் கத்தினாலும் போகாது" என்றார்.

அவர்கள் பேசியது எனக்கு எப்படிக் கேட்டது என்று கேட்டேன். கரையில் இருப்பது பெரிய செட், இருபத்தைந்து வாட், உன் கையில் இருப்பது ஐந்து வாட், அவர்கள் மைக் வைத்துக் கத்துகிறார்கள், நீ வெறும் வாயால் கத்துகிறாய், எல்லையில் நிற்கும்போது அவர்கள் சத்தம் உனக்குக் கொஞ்சம் வழிந்து வரும், உன் சத்தம் அங்கே போகாது, உனக்குக் கேட்பதால் அவர்களுக்கும் கேட்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்றார். ஐம்பது என்று எழுதியிருக்கிறதே என்றேன். ஒரு மலை உச்சியிலிருந்து இன்னொரு மலை உச்சிக்குப் பேசினால் கேட்கும், உன் படகில் மலை இருக்கிறதா என்று கேட்டார். அதன் பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடித நகலை எடுத்துக் காட்டினார். கைச்செட் போதாது, படகில் கம்பம் நட்டு உயரத்தில் ஆன்டெனா வைத்துப் பெரிய செட் பொருத்த வேண்டும், அதுவரை இருபது கிலோமீட்டருக்கு மேல் நம்பக்கூடாது என்று ஆட்களிடம் சொல்லுங்கள் என்று துறைமுக அலுவலகத்துக்கு அவர் எழுதியிருக்கிறார். பெற்றுக்கொண்டதற்கு அலுவலக முத்திரை இருந்தது. தேதி, மச்சான் இறப்பதற்கு ஐந்து மாதம் முந்தியது. அந்த நகலை இந்த வாக்குமூலத்துடன் இணைத்திருக்கிறேன்.

அதன் பிறகு நான் பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்க மூன்று முறை போனேன். முதல் முறை மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். இரண்டாம் முறை அவர் இல்லை. மூன்றாம் முறை அவர் என்னை நிற்கவைத்தே பேசினார். கடிதத்தைக் காட்டினேன். "கம்பெனிக்காரன் அம்பதுன்னு போட்டிருக்கான். ரிப்பேர் கடைக்காரம்மா இருபதுங்குது. நான் யாரை நம்பறது?" என்றார். நீங்களே ஒருமுறை படகில் வந்து பேசிப் பாருங்கள் என்று சொன்னேன். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றார். வகுப்பில் சொன்னது தவறு என்று மற்ற படகுக்காரர்களுக்காவது சொல்லுங்கள் என்றேன். சொன்னால் அறிக்கையை மாற்ற வேண்டி வரும் என்றார். யோசித்துச் சொன்ன பதிலாக எனக்குத் தோன்றவில்லை, வாய் தவறி வந்துவிட்டது. அதைக் கேட்டபோதுதான் இவரைக் கடலுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

மாதம் ஒருமுறை அவர் ஏதாவது ஒரு படகில் ஏறித் துறைமுக வாய்வரை போய்ச் செட்டைச் சோதித்துப் புத்தகத்தில் குறிப்பது வழக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை என் படகின் முறை வந்தது. முந்தின நாள் மாலை அக்கா வீட்டு வாசலில் நின்று, நாளை பதினொரு மணிக்கு ரேடியோ அறையில் போய் உட்கார், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அதே நாள் மெக்கானிக் அம்மாவிடம் ஒரு பெரிய செட்டும் ஆன்டெனாவும் வாடகைக்கு எடுத்து, இருபது அடிக் குழாயுடன் படகில் வைத்தேன். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு இதில் பங்கு கிடையாது.

காலை பத்து மணிக்கு அதிகாரி தானாகவே படகில் ஏறினார். தோல் செருப்பு அணிந்திருந்தார். உயிர்காப்பு அங்கியைப் போட்டுவிட்டேன். துறைமுக வாயில் செட்டில் கூப்பிட்டார், தெளிவாகக் கேட்கிறது என்று பதில் வந்தது, குறித்துக்கொண்டார், திரும்பலாம் என்றார். நான் திருப்பவில்லை. செட்டை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கி என் காலடியில் வைத்துக்கொண்டேன். அவர்மேல் வேறெந்த வகையிலும் கைவைக்கவில்லை. அவர் கைபேசியில் அலுவலகத்தைக் கூப்பிட்டு, இவன் என்னைக் கடத்திக்கொண்டு போகிறான் என்று சொன்னார். நான் தடுக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் கைபேசியில் சிக்னல் போய்விட்டது. அவர் என்னை என்னவெல்லாம் சொன்னார் என்பதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவருடைய நிலையில் நானும் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு பதினொன்று இருபதுக்கு அதே இருபத்தாறாவது கிலோமீட்டரில், அதே இடத்தில், இன்ஜினை நிறுத்தி நங்கூரம் போட்டேன். செட்டை அவரிடம் கொடுத்தேன். "கூப்பிடுங்க சார். நீங்க எழுதினது சரின்னா ரெண்டு நிமிஷத்துல பதில் வரும். நான் உடனே திருப்புறேன்" என்றேன்.

அவர் கூப்பிட்டார். தன் பெயர், பதவி, இடம் எல்லாம் சரியாகச் சொன்னார். பதில் இல்லை. அதற்குள் கரையில் அவரைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். செட்டில் ரேடியோ அறையின் குரல் வந்தது. "சார், எங்க இருக்கீங்க? கேக்குதா சார்? பதில் சொல்லுங்க." அவர் அவசரமாகப் பட்டனை அழுத்தி, கேட்கிறது, கேட்கிறது, இங்கேதான் இருக்கிறேன் என்றார். அவர் முடித்த மறுநொடி அதே குரல் மறுபடி, சார், எங்க இருக்கீங்க என்று கேட்டது. நான் அவருடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் வெளுக்கும் அளவுக்குச் சரியாகத்தான் அழுத்தியிருந்தார். சேனல் பதினாறு. பேட்டரி நிறைந்திருந்தது. இந்த விவரங்களை அவரையே வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன், சொன்னார்.

நாற்பது நிமிடத்தில் இருபத்து மூன்று முறை கூப்பிட்டார். கடைசி நான்கைந்து முறை பதவியைச் சொல்லவில்லை, பெயரை மட்டும் சொன்னார். அதன் பிறகு செட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். தண்ணீர் கொடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு எவ்வளவு நேரம் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். என்னை அவர் பன்மையில் பேசியது அதுதான் முதல் தடவை. நான்கரை மணி நேரம் என்றேன். அவரை அடிக்க வேண்டும் என்று அந்த நேரத்தில்தான் எனக்குத் தோன்றியது. இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு குழாயை நட்டுக் கட்டி, உச்சியில் ஆன்டெனா வைத்து, பெரிய செட்டைப் பேட்டரியில் இணைத்துக் கூப்பிட்டேன். முதல் அழைப்புக்கே பதில் வந்தது. எங்கள் இடத்தைச் சொன்னேன், அதிகாரி நலமாக இருக்கிறார் என்றும் சொன்னேன். அங்கே என் அக்கா இருந்தால் மைக்கைக் கொடுக்கச் சொன்னேன். ரேடியோ அறைப் பெண் தயங்கினார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, குடுக்கச் சொல்லு என்று என்னிடம் சொன்னார். அதையும் அவருக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளவும்.

"அக்கா, இப்ப கேக்குதா?" என்றேன்.

"கேக்குது."

"இதுக்கு முன்னாடி சார் இருபத்து மூணு தடவை கூப்பிட்டாரு. அது கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலடா" என்றார். மறுபடி, "ஒண்ணுமே கேக்கல தம்பி" என்றார்.

நாங்கள் சொன்ன இடத்தை வைத்துத்தான் ரோந்துப் படகு ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. நான் தப்பிக்க முயலவில்லை. கைதுக்கு ஒத்துழைத்தேன்.

அதிகாரி நேற்று, வாந்திக்காகச் சேர்க்கப்பட்ட மருத்துவமனையிலிருந்து எழுதிக் கொடுத்த புகாரை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். கடத்தியது, மிரட்டியது என்பவை இருந்தன. இருபத்து மூன்று அழைப்புகள் இல்லை. "சம்பவத்தின்போது கைச்செட் செயல்படவில்லை" என்று ஒரு வரி இருந்தது. செட் வேலை செய்தது ஐயா. இப்போது உங்கள் மேசைமேல் சாட்சிப் பொருளாக இருப்பது அதுதான். இங்கிருந்து கூப்பிட்டால் ரேடியோ அறைக்குக் கேட்கும். முதலில் என் விரலைக் குறை சொன்னார்கள், இப்போது செட்டைக் குறை சொல்கிறார்கள். தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுத அவர்களுக்குக் கை வரவில்லை.

நான் செய்தது குற்றம் என்றால் அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன். ஆளைக் கடத்துவது தவறு என்று எனக்குத் தெரியும். வருந்துகிறாயா என்று ஆய்வாளர் கேட்டார். நான்கு மாதம் தாமதித்ததற்காக வருந்துகிறேன் என்று சொன்னேன். அப்படி எழுதினால் உனக்குத்தான் பாதகம் என்று எழுத்தர் எச்சரித்தார். எழுதச் சொன்னேன்.

இன்று காலை எழுத்தர் இன்னொரு தகவலும் சொன்னார். இரண்டு நாட்களாக என் அக்கா விடிந்ததும் துறைமுக வாயின் சுவரில் ஏறி நின்று, கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகையும் கைகாட்டி நிறுத்தி, இருபது கிலோமீட்டர்தான், அதைத் தாண்டினால் யாருக்கும் கேட்காது, நங்கூரம் போட்டு உட்கார்ந்துவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நேற்று பதினெட்டுப் படகுகள் இருபது கிலோமீட்டருக்குள்ளேயே வலை விட்டுத் திரும்பியிருக்கின்றன. படகுப் போக்குவரத்துக்கு இடையூறு செய்வதாகத் துறைமுக அலுவலகம் அவர்மேலும் புகார் கொடுத்திருக்கிறது. அவரை விசாரிக்க அழைப்பதாக இருந்தால் காலை ஒன்பது மணிக்குப் பிறகு அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் எல்லாப் படகும் அவரைக் கடந்து போயிருக்கும்.

எழுதியதை எழுத்தர் எனக்கு இருமுறை வாசித்துக் காட்டினார். "பழிவாங்கும் நோக்கத்துடன்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்துச் சுருக்கொப்பம் இட்டார். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாருடைய மிரட்டலுக்கும் ஆசைகாட்டலுக்கும் உட்படாமல், என் கண்ணால் கண்டதையும் என் கையால் செய்ததையும் மட்டுமே சொல்லியிருக்கிறேன். இதில் பொய் இல்லை.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
காவல் ஆய்வாளர்